சிவப்புச் சீட்டு ஒட்டிய ஸ்பீக்கர்

காலை 5.20. மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் முதலில் பார்த்தது, டிரைவர் தலைக்கு மேலே கயிற்றில் கட்டியிருந்த புது புளூடூத் ஸ்பீக்கர். ரீல்ஸில் ஓயாமல் ஓடும் ஒரு ஆங்கில ராக் பாட்டு அதில் ஒலித்தது. வரிகள் யாருக்கும் தெரியாது. 'ஓ... ஓ...' வந்தபோது மட்டும் பஸ்ஸே பாடியது.

பாடாதவர் ஒருவர்தான்: எங்கள் பிரிவின் தர ஆய்வாளர். அந்த இசைக்குழுவைக் கல்லூரி நாள் முதல் கேட்பவர்.

"அண்ணா, இது விக்கிறதுக்குன்னே போட்ட பாட்டு. அவங்க முதல் ரெண்டு ஆல்பம் கேட்டிருக்கீங்களா?"

"இதுவே நல்லாத்தானே இருக்குது சாரு? எல்லாருக்கும் புடிக்குது," என்றார் டிரைவர்.

"அதாண்ணா பிரச்சினையே."

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "சார் காலு தாளம் போடுது பாரு குரு!"

பக்கத்தில் இருந்த நான் குனிந்து பார்த்தேன். போட்டுக்கொண்டுதான் இருந்தது.

இறங்கும்போது ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து ஸ்பீக்கர்மேல் ஒட்டினார். குறையுள்ள பாகங்களுக்கு நாங்கள் ஒட்டும் சீட்டு அது. டிரைவரும் சிரித்துவிட்டு அப்படியே விட்டார்.

கம்பெனி வளாகத்தில் சிவப்புச் சீட்டு எதன்மேல் இருந்தாலும் ஸ்டோர்ஸ்காரர் கேள்வி கேட்காமல் எடுத்துப்போய்க் கம்பிக்கூண்டில் பூட்டிவிடுவார். பஸ் கழுவும்போது ஸ்பீக்கர் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

மதியம் 2.15. ஷிப்ட் முடிந்து எல்லோரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் கீழே நின்றார்.

"ஸ்பீக்கர் வராம வண்டி எடுக்க மாட்டேன். என் சொந்தப் பொருளு அது."

ஆய்வாளர் கூண்டுக்கு ஓடினார். கூண்டு ரெஜிஸ்டர் என் பொறுப்பு என்பதால் நானும் போனேன்.

"என்ன குறைன்னு எழுதுங்க சார்," என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

'மூன்றாவது ஆல்பத்திலிருந்து தரம் குறைவு' என்று ஆய்வாளர் எழுதினார்.

"எத்தினி மில்லிமீட்டர் குறைவு?"

ஆய்வாளர் பேனாவை மூடினார்.

"அளவு இல்லைன்னா மறுபடி செக் பண்ணி, குறையில்லைன்னு கையெழுத்துப் போடணும். இல்லாட்டி பொருள் ஸ்கிராப்புக்குப் போயிரும்."

"செக்குன்னா?"

"முழுசா ஓட்டிப் பாக்கணும் சார்."

பஸ்ஸில் யாரோ ஹாரன் அடித்தார்கள். எங்கள் பின்னாலேயே வந்திருந்த டிரைவர் போனை நீட்டினார். கூண்டுக்குள் பாட்டு ஆரம்பித்தது. ஆய்வாளர் கைகட்டி நின்று கடைசிவரை கேட்டார். 'ஓ... ஓ...' வந்தபோது ஸ்டோர்ஸ்காரரும் பாடினார்.

'மறு ஆய்வு செய்யப்பட்டது. குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்ட ஆய்வாளர், பக்கத்தில் நேரத்தையும் குறித்தார்: 2.38.