லீவில் இருந்தாராம் எங்கள் பி.டி. மாஸ்டர்

குமரேசன் மாஸ்டர் போய்விட்டார். நேற்று காலை... ஹார்ட் அட்டாக்.

எங்கள் பழைய ஸ்கூலின் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். அங்கே டீச்சர் வேலையை விட்டு வந்த பிறகும் ஏனோ அந்த குரூப்பை விட்டு வெளியே வராமல் இருந்தேன்.

"விடுப்பில் இருந்த நமது உடற்கல்வி ஆசிரியர் தமது இல்லத்தில் இயற்கை எய்தினார்." ஸ்கூல் மேனேஜர் போட்ட மெசேஜ். கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள்.

செத்துப்போன மனிதர் லீவில் இருந்தாரா, டூட்டியில் இருந்தாரா என்பது இரங்கல் செய்தியில் எதற்கு? அந்த முதல் வார்த்தையே எனக்கு உறுத்தியது.

மாஸ்டர் லீவு போடுகிற ஆளே இல்லை. மகளுக்குத் தீர்த்தமலையில் காதுகுத்து வைத்திருந்த அன்றைக்கும் பிரேயருக்கு வந்து விசில் ஊதிவிட்டுத்தான் கிளம்பினார்.

"நேற்று மாஸ்டர் லீவா சார்?" என்று குரூப்பிலேயே கேட்டேன். கொஞ்ச நேரத்தில், இனி அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும் என்று மாற்றிவிட்டார்கள்.

நான் அங்கே சேர்ந்த புதிதில் பிரேயரில் ஒரு பையன் மயங்கி விழுந்தான். நான் பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தேன்.

"அதெல்லாம் வேணாம் மிஸ். பேரன்ட்ஸ வரச் சொல்லியாச்சு, பையன வாட்ச்மேன் சேர்ல உக்கார வைங்க" என்றார் மேனேஜர்.

வாட்ச்மேன் சேர் கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில் கிடக்கும். காய்ச்சலோ, வாந்தியோ, அடிபட்டதோ... வீட்டு ஆட்கள் வரும்வரை பிள்ளைகள் அங்கேதான் உட்கார வேண்டும்.

மாஸ்டர் பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். அதைக் கரைத்துப் பையனுக்குக் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நம்ம ஸ்கூல்ல யாருக்கும் ஒண்ணும் ஆவாதுங்க மிஸ். எல்லாம் கேட்டுக்கு வெளியதான் ஆவும்."

சிரித்துவிட்டேன். அப்போது அது ஜோக்.

அப்புறம் ஒருநாள் கோகோ ஆடும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி விழுந்து முழங்கை பிசகிவிட்டது. வழக்கம்போல வாட்ச்மேன் சேர்.

மாஸ்டர் யாரையும் கேட்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, "மிஸ், பாப்பாவ நடுவுல வெச்சுப் புடிச்சுக்கங்க, ஏறுங்க" என்றார். மூன்று பேரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எங்கே விழுந்தாள் என்று டாக்டர் கேட்டார். "ஸ்கூல் கிரவுண்ட்லதாங்க" என்று மாஸ்டர் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

நாங்கள் திரும்பி வருவதற்குள், ஸ்கூலுக்கு வரும்போதே கை வீங்கியிருந்தது என்று அவள் அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தார்கள். இதைச் சொன்னவர்களுக்கு மனசு எப்படித்தான் வந்ததோ.

அதிலிருந்து புது ரூல். மாஸ்டர் மட்டும் காலையில் பைக் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும், சாயங்கால பெல் அடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும்.

அதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. தினமும் மேனேஜர் டேபிளில் சாவியை வைத்துவிட்டு ஒரு சல்யூட் அடிப்பார்... நாங்கள் ஸ்டாஃப் ரூமில் அதைச் செய்துகாட்டிச் சிரிப்போம்.

இன்று காலை கடத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சுமதி அக்கா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"லீவெல்லாம் போடலிங்க மிஸ். காலையில பைக் எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குத்தான் போனாரு. கொஞ்ச நேரத்துல யாரோ ஒரு ஆட்டோக்காரரு வூட்டு வாசல்ல எறக்கிவுட்டுட்டு நிக்காம போய்ட்டாரு. சட்டையெல்லாம் வேர்வையில தொப்பலா நனைஞ்சிருந்துச்சு, நெஞ்ச புடிச்சுக்கிட்டே இருந்தாரு... வேற வண்டி புடிக்கறதுக்குள்ள..."

அக்கா என் கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஸ்கூலிலிருந்து அவர் வீட்டுக்கு வரும் வழியில்தான் ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த ஆட்டோ அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. யார் ஏற்றிவிட்டது? வீட்டுக்குப் போ என்று யார் சொன்னது?

மேனேஜர் மாலையோடு வந்தார். நான் விடவில்லை. "மாஸ்டர் நேத்து லீவுங்களா சார்?"

"ஆமா மிஸ். காலையிலயே போன் பண்ணி உடம்பு சரியில்ல, வரலன்னு சொல்லிட்டாரு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையின் ஜிகினாவைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சுமதி அக்காவின் தம்பிக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது. பந்தல் வேலையிலிருந்து வந்தவர், "மாமா பைக்க காணமே, எங்க நிக்குது?" என்று பொதுவாகக் கேட்டார்.

"சாவி ஆபீஸ்லதான் இருக்கு தம்பி. சாயங்காலம் ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன்" என்றார் மேனேஜர். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுமதி அக்காவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழவு வீடு... பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

போய் வாங்க மாஸ்டர். உங்கள் பைக் இன்னும் கேட்டுக்கு உள்ளேதான் நிற்கிறது.