பூஜை போட்ட கார்பைனும் கடைசி இடமும்

தொடர்ந்து ஏழு மாதம் கடைசியாக வருவது லேசுப்பட்ட காரியமில்லை. யாருக்காவது ஒரு மாதம் காய்ச்சல் வரும், கண்ணாடி உடையும், நாம் ஒரு படி மேலே ஏறிவிடுவோம் என்று நானும் காத்திருந்தேன். எங்கள் துப்பாக்கி கிளப்பில் எல்லோரும் அநியாயத்துக்கு ஆரோக்கியமாக இருந்தார்கள்.

நான் சுடுவது லீவர் கார்பைன். கைத்துப்பாக்கிக்கு உரிய சின்னத் தோட்டாவைப் போட்டுச் சுடும் குட்டையான ரைபிள். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகையெல்லாம் நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் என்னைப் போன்றவனுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் அடியிலிருக்கும் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுக்க வேண்டும். பத்துத் தோட்டா, பத்து இரும்புத் தகடு, பக்கத்தில் டைமரோடு ஒருவர். பட்டால் 'டங்' என்று கேட்கும். படாவிட்டால் ஐந்து விநாடி அபராதம். நான்கு சுற்று நேரத்தையும் கூட்டினால் யார் கடைசி என்று தெரிந்துவிடும். எனக்குக் கூட்டாமலே தெரியும்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் ஒரு ஃபிஜிக்காரர். எங்கள் ஆபீஸுக்கு வயரிங் வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன். அவருடைய கொள்ளுத்தாத்தா தமிழர். இவரிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் 'சாம்பார்', 'ரசம்', 'வா வா' அவ்வளவுதான். அவர் கூப்பிட்டார் என்று ஒருநாள் போய் ஐந்து குண்டு சுட்டேன். ஒன்று பட்டது. அந்த ஒரு 'டங்' என் தலைவிதியை மாற்றிவிட்டது.

லைசன்ஸ் கேட்டு விண்ணப்பித்தபோது விசாரிக்க வந்த அதிகாரி, தகனினி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டு மனைவியிடம் தனியாகப் பேசினார். கணவர் கோபக்காரரா என்று கேட்டாராம். "கோபமெல்லாம் வரும். ஆனா எழுந்து போய் ஏதாவது செய்யற அளவுக்குச் சுறுசுறுப்பு கிடையாது" என்றாளாம் இவள். லைசன்ஸ் வந்துவிட்டது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அந்த விளையாட்டு உயிர். வாரம் ஐந்து நாள் மோட்டார்வேயில் ஊர்ந்து போய், நாள் முழுக்க யாரோ உடைத்த சாஃப்ட்வேரை ஒட்டவைத்து, மறுபடி ஊர்ந்து வருகிறேன். டைமர் 'பீப்' என்றதும் வருகிற அந்த முப்பது விநாடியில் மட்டும் தலைக்குள் மார்ட்கேஜ் இல்லை, மேனேஜர் இல்லை, ஊரிலிருந்து வந்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இல்லை. தகடும் நானும்தான். அதற்காகத்தான் போகிறேன். கடைசியாக வருவது அதற்குக் கொடுக்கும் வரி.

ஆனாலும் ஏழாவது முறை மானம் போனபோது ஒரு முடிவுக்கு வந்தேன். குறை என்னிடம் இல்லை, கார்பைனில்தான். கம்பெனியிலிருந்து வந்தபடி அப்படியே வைத்துச் சுட்டால் இப்படித்தான் வரும், டியூன் பண்ண வேண்டும் என்று இணையத்தில் நரைத்த தாடிக்காரர்கள் எல்லாரும் சத்தியம் செய்தார்கள். கராஜில் உட்கார்ந்தேன். உள்பாகங்களைக் கழற்றி, பூனை முதுகைத் தடவுவது போல மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். விரல் தேயாமலிருக்க லீவருக்குத் தோல் சுற்றினேன். தோல் என் மனைவியின் பழைய ஹேண்ட்பேக்கிலிருந்து வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. தோட்டாவின் அடியில் அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலைத் தள்ளுகிற ஸ்பிரிங் கனமாக இருக்கிறது என்று அதையும் எடுத்துவிட்டு மெலிதான ஒன்றைப் போட்டேன். இரண்டு மாதத்தில் லீவர் வெண்ணெயாக ஓடியது. தோட்டா போடாமல் சடக் சடக்கென்று ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"அப்பா, இட் சவுண்ட்ஸ் லைக் எ பிரின்டர்" என்றாள் மகள்.

"அந்த ரெண்டு மாசத்துல போய் நாலு தடவை சுட்டுப் பழகியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி. "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

அவளுக்கு இயந்திரம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்த இரண்டு மாதத்தில் நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, செப்டம்பர் போட்டிக்கும் போகவில்லை.

அக்டோபர் போட்டிக்கு முந்தைய வாரம் அவள் நேராகவே சொல்லிவிட்டாள். "சனிக்கிழமை பூரா நீங்க அங்க போயிடறீங்க, இல்லேன்னா கராஜ்ல. பாப்பாவை டான்ஸ் கிளாஸ்ல விட்டுட்டு நான் இந்த வீட்டுல சுவரோட பேசிட்டிருக்கேன். இந்தத் தடவையும் கடைசின்னா அதை வித்துடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். புது ஸ்பிரிங் கொடுத்த தைரியம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை, போட்டி மறுநாள், விஜயதசமியன்று. காருக்குப் பொட்டு வைத்தாயிற்று. லேப்டாப், மிக்ஸி, மகளின் சலங்கை எல்லாம் சாமி முன்னால் வந்துவிட்டன. "உங்களோடதையும் கொண்டு வந்து வையுங்க. இந்தத் தெருவுலயே நிஜ ஆயுதம் வெச்சிருக்கறது நாம ஒருத்தர்தான்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக்கூடாது என்பது சாஸ்திரம். துப்பாக்கியை ராத்திரி பூராவும் ஹாலில் வைக்கக்கூடாது, இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும் என்பது சட்டம். இரண்டையும் மீறப் பயம்.

அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு சாமி இறங்கி வந்தார். சரஸ்வதி படம் கராஜுக்குப் போய் இரும்புப் பெட்டிக்குள்ளேயே குடியேறியது. நான் பக்கத்தில் நின்று கண்காணிக்க, அவள் காலிக் கார்பைனின் கட்டையில், குழலில், லீவரில், முனையில் இருக்கும் குறிபார்க்கும் முள்ளில் என்று ஓரிடம் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பெட்டிக்குக் கற்பூரம் காட்டினாள். பிறகு நான் பூட்டினேன். சரஸ்வதி அன்று ராத்திரி சட்டப்படி லாக்கப்பில் இருந்தாள்.

மறுநாள் பூஜை போட்ட ஆயுதத்தின் முதல் வேலையைப் பார்க்க வேண்டும் என்று மனைவியும் மகளும் முதல்முறையாக என்னோடு கிளம்பினார்கள். பொட்டை அழிக்கக்கூடாது என்றும் உத்தரவு.

முதல் சுற்று. 'பீப்'. லீவரை இழுத்துச் சுட்டேன், டங். இரண்டாவது, டங். மூன்றாவது, 'டிக்'. சுத்தியல் விழுந்தது, குண்டு வெடிக்கவில்லை. குழலைத் தகடுகள் பக்கமே நீட்டியபடி நின்று, பிறகு லீவரைத் தள்ளி வெளியேற்றினேன். நான்காவது, மறுபடியும் 'டிக்'. அந்தச் சுற்றில் நான்கு முறை 'டிக்'. பின்னால் யாரோ இருமினார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உன் சந்தனம்தான்! உள்ள போய்க் காஞ்சு போச்சு!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு எப்போதும் ஒரு படி மேலே வருகிற வெள்ளைக்கார அம்மா ஒருவர் உண்டு. எழுபதைத் தாண்டியவர், ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் விழுந்து முழங்கை வீங்கியிருந்தும் அன்று வந்திருந்தார். கார்பைன் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கி, சுத்தியலைக் கட்டைவிரலால் ஒருமுறை இழுத்தார். வெடிக்காத தோட்டாவின் அடியைக் காட்டினார். கொசு கடித்த அளவுதான் பள்ளம் இருந்தது.

"சந்தனம் வெளியேதான் இருக்கிறது, உள்ளே சுத்தம். சுத்தியல்தான் பலமாக அடிக்கவில்லை. ஸ்பிரிங்கில் யார் கை வைத்தது?" என்று சத்தமாகவே கேட்டார்.

என் மனைவிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பது எனக்கு அப்போது பெரிய நஷ்டமாகத் தோன்றியது.

பழைய ஸ்பிரிங் பையில் இருந்தது. எலெக்ட்ரீஷியன் பத்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தார். அதற்குள் அந்த அம்மா என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மிஸ் எண்ணுகிறவர்கள் மூன்று பேர் வேண்டும், ஒருவர் குறைகிறாராம். வேலை சுலபம். சுடுகிறவருக்கு இரண்டு பக்கமும் பின்னாலும் நின்று பார்த்து, எத்தனை தவறியதோ அத்தனை விரல் காட்ட வேண்டும். மூன்று பேரில் இரண்டு பேர் சொல்வதுதான் தீர்ப்பு. "சந்தேகம் இருந்தால் பட்டதாகத்தான் கணக்கு. நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் விரலைத் தூக்கு" என்று சொல்லிக் கொடுத்தார்.

நாற்பது பேருக்கு என் மனைவி விரல் காட்டினாள். காதில் சத்தத்தைத் தடுக்கும் பெரிய மஃப், கண்ணில் மஞ்சள் கண்ணாடி. நடுவில் தேநீர் வேளையில் நான்கைந்து பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சுவரோடு பேசுகிறேன் என்று அவள் சொன்னதை நான் ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கனமான ஸ்பிரிங்கோடு இரண்டாம், மூன்றாம் சுற்று ஒழுங்காகப் போயின. அந்த அம்மாவின் முழங்கை மோசமாகிக்கொண்டே வந்தது. அடுத்தவர் வலியில் சந்தோஷப்படக்கூடாதுதான். பட்டேன். கடைசிச் சுற்றில் அவர் முடித்ததும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். என் வழக்கமான வேகத்தில் பத்தும் பட்டால் நான் கடைசி இல்லை. ஒன்று தவறினாலும் நான்தான் கடைசி, கார்பைன் போச்சு.

'பீப்'. ஒன்பது டங் எண்ணினேன். பத்தாவது சுட்ட அதே நொடியில் பக்கத்து மைதானத்தில் யாரோ பெரிய ரைபிளை வெடித்தார்கள். என் காதில் எதுவும் விழவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம் எலெக்ட்ரீஷியன், நட்புக்கு இலக்கணமாக, வெறும் முஷ்டியை உயர்த்தினார். மிஸ் இல்லை. வலது பக்கம் ஒரு பிளம்பர், ஒரு விரல். நடுவில் பின்னால் என் மனைவி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன், பதினோரு வருஷக் குடும்ப வாழ்க்கையையும் சேர்த்துக் கெஞ்சினேன்.

அவள் யோசிக்கவே இல்லை. ஒரு விரலைத் தூக்கினாள்.

"அப்பா, யூ ஆர் லாஸ்ட் அகெய்ன்" என்று மகள் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

திரும்பி வரும்போது தகனினி எக்ஸிட் வரை அந்தப் பத்தாவது குண்டை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சுட்டுப் பார்த்தேன். அப்புறம் கேட்டேன். "நிஜமாவே படலையா?"

"படலைங்க. தகட்டுக்கு மேல பின்னாடி மண்ணு தெறிச்சுது."

"கொஞ்சம்கூட சந்தேகம் வரலையா?"

"வந்திருந்தா தூக்கியிருக்க மாட்டேன்."

சொன்ன சொல் சொல்தான். வீட்டுக்கு வந்ததும் கார்பைனைப் பெட்டியில் பூட்டினேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விற்பனை விளம்பரம் எழுத ஆரம்பித்தேன். 'நல்ல நிலையில்' என்று எழுதி அழித்தேன். 'அன்போடு பராமரிக்கப்பட்டது' என்று எழுதினேன். அவள் பின்னால் வந்து நின்று படித்தாள்.

"இதெல்லாம் போட வேண்டாம். வாங்க ஆள் இருக்கு."

"யாரு? அந்த அம்மாவா?"

"நான்தான்" என்றாள். கையிலிருந்த ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். லைசன்ஸ் விண்ணப்பம் பாதி நிரப்பியிருந்தது. "எனக்கு லைசன்ஸ் வர்ற வரைக்கும் உங்க பேர்லயே பெட்டியில இருக்கட்டும். அப்புறம் சனிக்கிழமை பாப்பாவை டான்ஸ் கிளாஸுக்கு நீங்க கூட்டிட்டுப் போயிடுங்க."

நான் எழுதியிருந்த விளம்பரத்தை அழித்தேன். சமையலறை வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, அதுவரைக்கும் அதை யாரும் டியூன் பண்ண வேண்டாம்."