வனஜா வீட்டு ஹீட்டர்

கரண்ட் பில்லுக்குப் பயந்து ஓடிப்போனாள் என்று சொல்கிற வாயைக் கழுவ வேண்டும். ராவும் பகலும் ஹீட்டர் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி கிடந்தாளாம். யார், வனஜாவா? பிரேசர் டவுனில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கைக் காலையும் மாலையும் துடைக்கிறவள் எந்த நேரத்தில் கிடப்பாள்? ஜீவனஹள்ளியில் அவளைப் பேசாத வாய் இல்லை. ஒரு தரமாவது படியேறிப் போய்ப் பார்த்த கால்தான் ஒன்றும் இல்லை.

மூன்றாம் மாடிக்கு மேல் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை அது. ஓனர் பெருமாள்சாமி அதையும் வீடு என்று சொல்லி வாடகைக்கு விட்டிருந்தார். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே கை நுழையும். மார்கழியில் உள்ளே இருக்கிற செம்பைத் தொட்டால் விரல் விறைத்துப் போகும். வனஜாவின் அம்மா எல்லம்மாவுக்கு மூச்சு இழுப்பு வேறு. போன குளிருக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்தார்கள். இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் ஹீட்டர் வாங்கினாள், இரண்டு கம்பி உள்ளது. வாங்கினதும் போட்டுவிடவில்லை. தேர்தல் முடிந்து குப்பையில் கிடந்த ஃப்ளெக்ஸ் பேனர்களை எடுத்துக் கழுவி, தகரத்துக்கு அடியில் இழுத்துக் கட்டினாள். யாரோ ஒரு வேட்பாளர் கும்பிட்டபடி எல்லம்மாவின் தலைக்கு மேலே தொங்கினார்.

"ஓட்டு கேட்டு வந்தவனுங்கள்ல இவன் ஒருத்தன்தான்டி உதவினான்" என்றாள் எல்லம்மா.

வனஜா பழைய சேலையைக் கிழித்துச் சந்துகளை அடைத்தாள். காற்று வர உயரத்தில் ஒன்றை மட்டும் அடைக்காமல் விட்டாள். கட்டிலைச் சுற்றிப் போர்வையால் திரை. துணியிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஹீட்டர், அதிலும் ஒரு கம்பிதான். படுக்குமுன் ஒரு மணி நேரம், விடியலில் ஒரு மணி நேரம். அறை முழுக்கச் சூடாக்க அவளுக்கு வக்கில்லை. கட்டிலை மட்டும் சூடாக்கினாள். கிழவி இழுப்பில்லாமல் தூங்கினாள்.

முதல் மாத பில் தாங்கும்படி இருந்தது. அடுத்த மாதம் மூன்று மடங்கு.

"ஹீட்டர் வெச்சா அப்டித்தாம்மா. மீட்டர் பொய் சொல்லுமா?" என்றார் பெருமாள்சாமி, பல்லைக் குத்திக்கொண்டே.

வனஜா தன் வீட்டின் மேலேயே சந்தேகப்பட்டாள். அம்மா தெரியாமல் ஸ்விட்சைத் தட்டிவிடுகிறாளோ என்று, மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது தன் வீட்டு மெயினையே அணைத்தாள்.

அணைத்த கை இறங்கவில்லை, கீழே ஓனர் பெண்டாட்டி ஜெயலட்சுமியின் குரல். "யாருடி அது? மனுஷன் சோப்பு போட்டு நிக்கிறாரு, கீசர் நின்னுபோச்சு."

வனஜா மெயினைப் போட்டாள். "ஹாங், வந்துச்சு" என்றது கீழே. மறுபடி அணைத்தாள். "ஐயோ, மறுபடியும் போச்சு."

இடுப்புத் துண்டும் காது நிறைய நுரையுமாக ஓனரே மேலே வந்தார்.

"உங்க கீசர் என் மீட்டர்ல ஓடுதாண்ணா?"

"போன மாசம் வயரிங் பண்ணவன் ஏதோ மாத்திட்டான். இதை ஏன் பெருசு பண்ற? ஹீட்டரை எடுத்துடு, பில்லு இறங்கிடும்."

"உங்க முதுகுக்கு வெந்நீர் வேணும். எங்கம்மா நெஞ்சு மட்டும் விறைக்கணுமா?"

"இஷ்டம் இல்லேன்னா காலி பண்ணும்மா."

அதற்கப்புறம் தெருவே அவர் பக்கம். ஹீட்டர் வைத்த திமிர் என்று ஜெயலட்சுமி பரப்பினதை எல்லாரும் நம்பினார்கள், நம்புவது சுலபம் பாருங்கள். சீ, என்ன ஜனம்.

வனஜா காக்ஸ் டவுனில் தரையோடு ஓர் அறை பார்த்தாள், கான்கிரீட் கூரை. முன்பணம் பேசுமுன் மெயினை அணைக்கச் சொல்லி, அக்கம்பக்கத்தில் எந்த விளக்காவது அணைகிறதா என்று வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் அணையவில்லை. சரி என்றாள்.

கிளம்பின ஞாயிற்றுக்கிழமை, கட்டின பேனரைக்கூட விடவில்லை. வேட்பாளரைச் சுருட்டி ஆட்டோவில் ஏற்றினாள். ஹீட்டரை மடியில் வைத்துக்கொண்டு எல்லம்மா முன்னமே உட்கார்ந்துவிட்டாள். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வனஜா கடைசியாக ஒரு தரம் உள்ளே போனாள். காலி பண்ணுகிற வீட்டில் மெயினை அணைத்துவிட்டுப் போவதுதானே முறை. காலை மணி ஏழு.

அவள் கடைசிப் படியில் இறங்கும்போது, குளியலறையிலிருந்து பெருமாள்சாமி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.