பச்சையில் விழுந்த பூச்சி

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் முதலில் ஒரு கணினி கேட்கும். பேச்சை வைத்தே ஆபத்தை எடைபோட்டு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும். சிவப்புக்கு வண்டி உடனே கிளம்பும். அரியலூர்ப் பக்கம் அதைச் சோதித்துப் பார்த்தபோது சொற்பட்டியல் தயாரித்தவள் நான். பெரம்பலூரில் இன்ஜினியரிங் முடித்த சூடு. சிவப்பில் பாம்பு, நாகம், விரியன் என்று எழுதி, எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று சர்ப்பத்தையும் சேர்த்தேன். எந்த ஊரில் எவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு சர்ப்பம் தீண்டியது என்பான்?

எங்கள் வீட்டில் பாம்பைப் பாம்பென்று சொல்ல மாட்டோம். பேர் சொன்னால் வந்துவிடுமாம். பூச்சி என்போம். அந்தச் சொல்லோடு வளர்ந்தவள், ஏசி அறையில் உட்கார்ந்ததும் அதை மறந்தேன்.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிக்காடு. காலையில் சருகை விலக்கிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த என் சித்தியின் வலது கையில் பாம்பு கடித்தது. சித்தப்பா போன் செய்தார். அந்தப் பதிவை ஆபீசில் பிறகு கேட்டேன்.

“பூச்சி தொட்டுருச்சுங்க. சீக்கிரம் வாங்க.”

“பூச்சிக்கடி. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவவும். காத்திருக்கவும்,” என்றது கணினி. பச்சை.

“சரிங்கம்மா.” அதற்கும் ஒரு மரியாதை.

கழுவிவிட்டுக் காத்திருந்தார்கள். கை முழங்கை வரை வீங்கிய பிறகுதான் யாருடைய பைக்கிலோ நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

“ஏண்டி, படிச்ச பாம்பு கடிச்சாத்தான் ஒன் மிஷினு வண்டி அனுப்புமா?” என்று ஆஸ்பத்திரியில் சித்தி சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. “கொட்ட ஒடைக்கிற கைடி இது.”

மறுநாளே பூச்சியைச் சிவப்பில் சேர்த்தேன். ஒரே வாரத்தில் மேலாளர் கூப்பிட்டார். “குளவி கொட்டுனதுக்கெல்லாம் வண்டி ஓடுது. எடுத்துடுங்க.”

“என்ன பூச்சின்னு அது ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கட்டும் சார்.”

“அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்.”

நானேதான் எடுத்தேன்.

கட்டுப் பிரித்த அன்று சித்தி கேட்டாள்: “அந்த வார்த்தைய சேத்துட்டியாடி? இன்னும் அம்புட்டுப் பொம்பளைங்க காட்டுலதான் கெடக்கறாங்க.”

“சேத்துட்டேன் சித்தி,” என்றேன்.