அரிசி வாளியைத் தூக்க வேண்டியவன்

டண்டினொங் புறநகரில் ஒரு சீன அன்ரியின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். மலேசியாவில் ரப்பர் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். நான் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்றால், "என்னா, சாமி கும்பிடுறியா?" என்று கேலி செய்வார். அவரும் சிட்னியில் வேலை செய்யும் மகனும் சேர்ந்து நகரின் மறுபக்கம் பொயிண்ட் குக்கில் வீடு வாங்கினார்கள். மகன் வேலையை மாற்றிக்கொண்டு வந்து தாயோடு இருப்பதாக ஏற்பாடு. சாமான் ஏற்ற என்னைக் கூப்பிட்டார்.

பழைய விளக்குமாற்றை வான் வண்டிக்குள் வைத்தேன்.

"அத வீசிடு! பழைய வூட்டுப் பீடை அதுல ஒட்டிக்கிட்டு வரும்லா."

நாள் பார்த்து வைத்திருந்தார். உச்சிக்கு முன் நுழைய வேண்டும். அங்கே வாழப்போகிற யாரும் முதல்முறை வெறுங்கையோடு உள்ளே போகக்கூடாது. வாய்வரை நிரப்பிச் சிவப்புத் தாள் ஒட்டிய அரிசி வாளி மகனுக்கு; அதிர்ஷ்டம் உருண்டு வர வாசலில் உருட்டிவிடும் அன்னாசி அன்ரிக்கு. முதல் இரவு குடும்பம் முழுக்க அங்கேதான் தூங்க வேண்டும்.

வாசலில் நிற்கும்போது மகன் சிட்னியிலிருந்து போன் எடுத்தான். காலை விமானத்தில் அவன் ஏறவேயில்லை. வேலையில் விடவில்லையாம், நீங்கள் உள்ளே போங்கள் என்றான். அன்ரி போனைப் பையில் போட்டுவிட்டு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் தலைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"நான் தூக்கிறன் அன்ரி."

"நில்லு. நீ தூக்குனா நீயும் இந்த வூட்டு ஆளு. பின்னால ரூம் இருக்கு. இருப்பியா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. கண் அப்படிச் சொன்னது. என் பை வானின் முன் இருக்கையில் இருந்தது. மறுநாள் ஷெப்பர்டன் தோட்டமொன்றில் பழம் பறிக்க வருவதாகச் சொல்லியிருந்தேன். வன்னியில் கூடாரம், பிறகு படகு, பிறகு தடுப்பு முகாம், பிறகு பலருடைய பின்னறைகள். ஓரிடத்தில் இருப்பேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"சரிலா," என்று அவரே குனிந்து வாளியைத் தூக்கினார். படியில் கொஞ்சம் அரிசி சிந்தியது. அன்னாசியை என்னிடம் தந்தார். "இது விருந்தாளியும் உருட்டலாம்."

உருட்டினேன். அது கூடத்தின் நடுவரை போய் நின்றது.

சடங்குப்படி அன்ரி பட்டப்பகலில் எல்லா விளக்குகளையும் போட்டார், கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தார். சாமான் இறக்கிய களைப்பில் நான் சோபாவில் சாய, தோளில் தட்டினார். "எழும்பு! குடிவந்த அன்னிக்குப் பகல்ல படுத்தா நோய் வரும்." நோய் எனக்கு வரக்கூடாது என்பதிலும் அவருக்குக் கவனம் இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஷெப்பர்டனிலிருந்து அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"புது எடத்துக்கு என்னா தூக்கிக்கிட்டுப் போன?"

"என்ர பையை."

"அரிசி?"

"இல்லை அன்ரி. மகன் வந்திட்டாரா?"

"அடுத்த மாசம்னு சொல்றான். வாளி இன்னும் கொறையலலா. ஒரு ஆளு எவ்வளவு திங்கறது?"

இங்கே சாப்பாடு நல்லதா என்று கேட்டார். நல்லது என்றேன்.