பண்டார் பாருவில் தொங்கும் என் விலாசம்

என் கடனுக்காக வேறொருத்தியின் வீட்டில் சிவப்புச் சாயம் ஊற்ற வைத்தவன் நான். ஊற்றியவர்கள் வட்டிக்காரனின் ஆள்கள்; கடன் கட்டாதவனை ஊரறியச் செய்ய அதுதான் அவர்கள் வழி. எந்த வீட்டில் ஊற்றுவது என்று சொன்னது நான். அதற்கு ஒரே ஒரு சொல்தான் தேவைப்பட்டது.

ஓய்வுபெற்ற ஆசிரியன். மலேசியாவின் வடக்கே மெர்கோங்கில் வீடு. மகனின் கல்யாணத்தை அலோர் ஸ்டாரின் பெரிய மண்டபத்தில் வைத்தேன். சம்பந்தி வீட்டார் வசதியானவர்கள். அவர்கள் முன் குறைந்துபோகக் கூடாது என்ற வீம்பு. கல்யாணம் முடிந்ததும் கிரெடிட் கார்டு, கார்த் தவணை, மின்கட்டணம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தங்கின. அவற்றை அடைக்க ஆலோங்கிடம் போனேன். சட்டத்துக்கு வெளியே வட்டிக்கு விடும் அந்தக் கூட்டத்தைப் பற்றி வகுப்பில் பிள்ளைகளை எச்சரித்தவன்தான்.

கடன் கொடுத்தவன் என் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, படியெடுத்துக்கொண்டான். அதில் தெற்கே உள்ள பண்டார் பாருவின் பழைய விலாசமே இருந்தது. அங்கே வேலை செய்தபோது வாங்கி, பிறகு விற்றுவிட்ட வீடு. வடக்கே வந்து பல வருடமாகியும் விலாசத்தை மாற்றவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் அங்கே போய் ஓட்டுப் போட்டு, பழைய மாணவர்கள் வாங்கித் தரும் டீயைக் குடித்து, கொஞ்சம் மரியாதையும் பெற்றுத் திரும்புவது எனக்குப் பிடிக்கும்.

தவணை தவறியதும் ஒருவன் போன் செய்யத் தொடங்கினான். நம் தமிழ்ப் பையன்தான்.

“அங்கிள், உங்கள மாமா மாதிரி நெனச்சு நல்லவிதமா பேசறேன்லா. பாஸ் பேசுனா இப்படி இருக்காது.”

சினிமா வில்லனைப் பார்த்துப் பழகிய குரல். அவன் அனுப்பும் மிரட்டல்களில் மலாய் எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். படித்துக்கொண்டே மனத்துக்குள் அவற்றைத் திருத்துவேன். அவனை மட்டமாக நினைக்க அது போதுமாக இருந்தது. என்னை நினைத்துப் பார்க்க நேரமில்லை.

ஒரு நாள் கேட்டான். “ஐசியில உள்ள வீட்லதானே இருக்கீங்க?”

“ஆமா,” என்றேன்.

அந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பெண். கணவர் இறந்தபின் சேமநிதிப் பணத்தைப் போட்டு என்னிடமிருந்து அதை வாங்கினார். ரவிக்கை தைத்துத்தான் வாழ்க்கை. வருட வருமானத்தில் பெரும்பகுதி தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வருவது. நான் ‘ஆமா’ சொன்னதும் அந்த வாரங்களில்தான்.

சில நாளில் அவரே போன் செய்தார்.

“சார், கேட்டுல, செவுத்துல எல்லாம் யாரோ பெயிண்ட் ஊத்திட்டாங்க. ஒங்க ஐசி காப்பிய ஒட்டியிருக்காங்க சார். யாரோ ஒங்க பேர்ல கடன் வாங்கி ஏமாத்துறான் போல. போலிஸ்ல சொல்லி வைங்க சார், பாவம் நீங்க.”

பாவம் நான். “யாரோ மோசக்காரன்மா, நான் பாத்துக்கறேன்,” என்றேன். அந்தப் பதிலின் முதல் பாதி உண்மை.

அடுத்து வந்தவர்கள் கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். தைத்த துணிகளை அவர் கேட்டுக்கு மேலாக நீட்டிக் கொடுத்தாராம். பிறகு வாங்கவே ஆள் வரவில்லை. சாயம் ஊற்றிய வீட்டில் கல்யாணப் பட்டுத்துணியை யார் கொடுத்து வைப்பார்? இதையும் அவரேதான் போனில் சொன்னார். அழவில்லை. போலிஸில் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளைச் சாயமும் பிரஷும் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே நின்றபடி சொன்னேன். கடன் வாங்கியது நான், இந்த வீடுதான் என்று சொன்னதும் நான்.

அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

“வாத்தியாரு வீடுன்னு சொல்லித்தான் சார் இத வாங்குனேன். அத ஒரு பெருமையா எல்லார்கிட்டயும் சொல்வேன்.” என் கையைப் பார்த்தார். “பிரஷ் கொண்டாந்திருக்கீங்கல்ல? அடிங்க.”

அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன சார், ரிட்டையர் ஆயி பெயிண்டிங் கான்ட்ராக்டா?”

“கான்ட்ராக்ட் இல்லண்ணே,” என்றார் அந்த அம்மா உள்ளேயிருந்து. “வாத்தியாரு ஹோம்வர்க் செய்றாரு.”

எத்தனை பூச்சு பூசினாலும் சிவப்பு இளஞ்சிவப்பாக மேலே வந்தது. கடைசியில் அவர் ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். “இதுல எழுதுங்க சார். நீங்க எங்க இருக்கீங்கன்னு.”

கடன் வாங்கியவர் இங்கே இல்லை என்று மலாயிலும் தமிழிலும் எழுதினேன். கீழே என் பெயர், மெர்கோங் விலாசம். பிழையில்லாமல் எழுதினேன். அவர் கம்பி கொண்டு கேட்டில் கட்டினார்.

அதே வாரம் என் வாசல் சிவந்தது. போனில் கர்ஜித்தவனை நேரில் பார்த்தேன்: ஒல்லி, மணிக்கட்டில் கோயில் கயிறு, காலில் கிழிந்த செருப்பு.

“மொதல்லயே இந்த அட்ரஸ குடுத்திருக்கலாம்ல அங்கிள்? பண்டார் பாருவுக்குப் போயிட்டு வர பெட்ரோல் காச யாரு குடுப்பா?”

காரை விற்று அவர்களுக்குக் கட்டினேன். மிச்சத்தை அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். வாங்கிக்கொண்டார், கெட்டுப்போன தீபாவளிக்கு அது ஈடாகாது என்றும் சொன்னார். ஆகாதுதான். போன வாடிக்கையாளர்களில் சிலரே திரும்பினார்கள்.

அடையாள அட்டையில் விலாசத்தை மாற்றிவிட்டேன். ஓட்டுப் போட இனி அங்கே போக வேண்டியதில்லை. கடன் தீர்ந்ததும் ஒரு முறை போன் செய்து, அந்தப் பலகையை இனிக் கழற்றிவிடலாமே என்று கேட்டேன்.

“இருக்கட்டும் சார். கையெழுத்து நல்லா இருக்கு,” என்றார்.

இன்னும் தொங்குகிறது என்று கேள்வி. பழைய மாணவர்கள் அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போவார்கள்.