ஆறாவது குழி

"தொழில்நுட்ப உதவியாளர், இரண்டாம் நிலை, செல் வளர்ப்பு அறை. தொடர்ந்த மேற்பார்வையின் கீழ், குழுவின் அங்கமாகப் பணியாற்றுவார். ஆய்வு முடிவுகள் குறித்துக் கருத்துரைப்பது இப்பணியில் அடங்காது."

தெலுங்கு பேசும் ஒரு நகரத்தின் ஹப்சிகுடாப் பகுதியில் ஓர் ஆய்வகத்தின் கோப்பில் கல்பகத்தைப் பற்றி இப்படித்தான் இருக்கிறது. பதினெட்டு வருடங்களில் அவரை யாரும் மேற்பார்வையிட்டதாகத் தெரியவில்லை. குழு என்று ஒன்று இருந்தால் அது கதவுக்கு வெளியே இருந்தது. கிருமி வந்துவிடும் என்பதால் செல் அறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். அந்த ஒருவர் பெரும்பாலும் கல்பகம்.

வீடு ஏ.எஸ்.ராவ் நகரில். அப்பா அங்கேயுள்ள தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வாங்கிய ஃப்ளாட். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தம்பி புனேயில் இருக்கிறான், தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் விளக்குப் படம் அனுப்புவான். வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒருமுறை ஏதோ படிவம் கேட்டபோது தமிழ் என்று எழுதினார். யாரோடு என்று படிவம் கேட்கவில்லை.

அவர் வளர்த்தது எலும்பு செல்கள். எப்போதோ ஓர் எலியின் மண்டையோட்டிலிருந்து எடுத்த வகை. எலி போய்ப் பல வருடமாகிறது, செல்கள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பிளாஸ்டிக் தட்டில் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய மீடியத்தை உறிஞ்சியெடுத்துப் புதியதை ஊற்ற வேண்டும். மீடியம் என்பது இளஞ்சிவப்புத் திரவம், செல்லுக்கு அதுதான் சாப்பாடு. நாலு வாரத்தில் செல்கள் தங்களைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்தைப் படியவைக்கும். அதுதான் எலும்பின் ஆரம்பம். இதில் ஒரு நிபந்தனை உண்டு. தனித்தனியாகக் கிடக்கும் செல் இந்த வேலையைத் தொடங்காது. பக்கத்துச் செல்லைத் தொடுமளவு நெருக்கம் வந்தபிறகே தொடங்கும். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பதால் கல்பகத்துக்கும் தெரியாமல் போயிற்று. நாச்சாரம் வழியாக வரும் பஸ்ஸில் ஞாயிறன்று நிச்சயம் உட்கார இடம் கிடைக்கும் என்பதை அவர் ஒரு சலுகையாகவே சொல்வார்.

ஆறு வருடத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து சுபாஸ்ரீ முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்தாள். முதல் வாரமே டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு செல் அறைக்கு எதிரே இருந்த ஸ்டோர் ரூமுக்கு வந்து, கல்பகத்தின் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடம் தனியாகச் சாப்பிட்டவருக்கு முதலில் எங்கே பார்ப்பது என்றுகூடத் தெரியவில்லை. பிறகு பழகிவிட்டது. அவர் 'ஆமாம்' என்பதற்கு அந்த ஊர் உருதுப் பேச்சில் 'ஹவ்' என்பதை அவள் கிண்டல் செய்வாள். அவள் புளிக்குழம்பில் வெல்லம் போடுவதை இவர் கண்டிப்பார். கல்பகம் இரண்டு பேருக்குப் பொரியல் செய்யத் தொடங்கினார்.

சுபாஸ்ரீயின் ஆய்வு ஒரு பூச்சு பற்றியது. அந்தப் பூச்சுப் போட்ட கண்ணாடி வட்டில் வளரும் எலும்பு செல்கள் கூடுதலாகச் சுண்ணாம்பு சேர்க்கின்றன என்று நிரூபிக்க வேண்டும். ஒரு தட்டில் ஆறு குழிகள். மூன்றில் பூசிய வட்டும் செல்களும். இரண்டில் வெறும் கண்ணாடியும் செல்களும். ஆறாவதற்கு வேலையில்லை. பூசிய வட்டு ஒன்று ஓரம் உடைந்திருந்தது, சுபாஸ்ரீ குப்பையில் போடச் சொன்னாள். குப்பையில் எதையும் போடும் பழக்கம் கல்பகத்துக்கு இல்லை. ஆறாவது குழியில் அதை வைத்து, செல் போடாமல், மற்ற ஐந்தைப் போலவே அதற்கும் மீடியம் மாற்றிவந்தார்.

இருபத்தெட்டாம் நாள் சுபாஸ்ரீ அண்ணன் கல்யாணத்துக்கு ஊரில் இருந்தாள். சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும் சிவப்புச் சாயத்தைக் கல்பகமே ஊற்றிக் கழுவினார். அன்று மாலைக்குள் குழுத்தலைவர் வெங்கடராமன் ஒரு மாநாட்டுக்குப் படம் அனுப்பவேண்டும். சுபாஸ்ரீயிடமிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா, செவந்துச்சுங்களா?"

"ஹவ். மூணும் நல்லா செவந்திருக்கு. வெறும் கண்ணாடி ரெண்டும் லேசாத்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆறாவதும் செவந்திருக்கு."

"அதுல செல்லே போடலீங்களே?"

"அதத்தான் சொல்றேன்."

கல்யாண மண்டபத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. சிவக்க வைத்தது செல்கள் அல்ல, பூச்சு தானாகவே மீடியத்திலிருந்து சுண்ணாம்பை இழுத்துக்கொள்கிறது என்பது இருவருக்குமே புரிந்துவிட்டது. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மாதம்தான் இருந்தது.

"அத விட்டுட்டு அஞ்ச மட்டும் எடுங்க்கா. ஒடஞ்ச வட்டு, யாரு கேக்கப் போறாங்க?"

"நக்கோமா, வேணாம். அப்படி எடுக்க மாட்டேன்."

"ஏனுங்க்கா, நாம ஒண்ணா உக்காந்து சோறு திங்கறவங்க இல்லீங்களா?"

கல்பகம் ஃபோனை வைத்தார். ஆறு குழிகளும் தெரியும்படி ஒரே படமாக எடுத்தார். பிறகு அதை சுபாஸ்ரீக்கும் வெங்கடராமனுக்கும் அனுப்பினார்.

வெங்கடராமன் வந்து கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று, தவறுதலாக ஆறாவதிலும் செல் விழுந்திருக்குமோ என்று மரியாதையாகக் கேட்டார். கல்பகம் நோட்டைத் திறந்து கண்ணாடியில் ஒட்டவைத்துக் காட்டினார். மீடியம் மாற்றிய ஒவ்வொரு நாளும், கடைசியில் சாயம் போடுமுன்னும், மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 'ஆறு: காலி' என்று எழுதியிருந்தார். மாநாட்டுக்குப் படம் போகவில்லை. செல் போடாத பூசிய வட்டுகளை வைத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தார்கள். அத்தனையும் சிவந்தன. சுபாஸ்ரீயின் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று.

அவள் சண்டை போடவில்லை. "பரவாயில்லீங்க்கா" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து கேன்டீனில் சாப்பிட்டாள். அங்கே ஏசி இருக்கிறது. கல்பகம் கொஞ்ச நாள் பொரியலை இரண்டு பேருக்கே செய்து, இரவிலும் அதையே சாப்பிட்டார். பிறகு அளவு தானாகக் குறைந்தது. ஸ்டூல் அங்கேயே இருக்கிறது.

பூச்சு செல் இல்லாமலே சுண்ணாம்பு சேர்க்கிறது என்பதே பின்னால் நல்ல கட்டுரையாக வெளிவந்தது. அதன் நன்றியுரை செல் அறைக்கு நன்றி சொல்கிறது. அந்த வருடத்து மதிப்பீட்டுப் படிவத்தில், 'குழுவுடன் இணைந்து செயல்படுதல்' என்ற வரிக்கு எதிரே 'மேம்பட வேண்டும்' என்று எழுதியிருந்தது. கல்பகம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவர் செய்தது இவ்வளவுதான்: செல் எதுவும் இல்லாத ஒரு குழிக்கு இருபத்தெட்டு நாளில் பதின்மூன்று முறை மீடியம் மாற்றினார், அது சிவந்தபோது ஆறு குழிகளையும் ஒரே படத்தில் எடுத்து அனுப்பினார்.